இடக்கை அடிக்கட்டும்

திருவையாறு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய கெண்டோ (ஜப்பானிய வாள்வீச்சு) வீடியோவைப் பார்த்தேன். சத்தம் பலமாக இருக்கிறது, ஆனால் அடி நேராக விழவில்லை. காரணம் உன் வலக்கை. தலைக்கு அடிக்கும்போது ஷினாயை, அதாவது மூங்கில் வாளை, வலக்கையால் இழுத்து இறக்குகிறாய்.

உள்ளங்கையைப் பார். இடக்கையில் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே காய்ப்பு இருந்தால் நல்லது. வலக்கையில் கொப்புளம் வந்தால் பிடி தப்பு. இடக்கைச் சுண்டுவிரல் கைப்பிடியின் கடைசி முனையில் இருக்கட்டும். வலக்கை காப்புத்தட்டுக்குச் சற்றுக் கீழே லேசாகப் பிடித்தால் போதும். அடி படும் நொடியில் மட்டும் ஈரத்துண்டைப் பிழிகிறாற்போல் இரண்டு கையையும் உள்வாக்கில் இறுக்கி, உடனே தளர்த்திவிடு. அப்போது வலக்கை தோள் உயரத்திலும் இடக்கை நெஞ்சுக்குழி உயரத்திலும் நிற்க வேண்டும்.

தினம் இடக்கையால் மட்டும் 20 வீச்சு, பிறகு இரு கையாலும் 30. அதற்கு மேல் இப்போது வேண்டாம். தோள் களைத்தால் வலக்கைதான் மறுபடி ஓடிவரும்.

சிலம்பப் பழக்கத்தில் உன் மணிக்கட்டு சுழல்கிறது. கம்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஷினாய்க்கு முதுகு உண்டு, கயிறு ஓடும் பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம்தான் வாளின் கூர். நுனியிலிருந்து கால் பங்கு நீளத்தில் ஒரு தோல்வார்க் கட்டு இருக்கிறதே, அதை ஒட்டிய முன்பகுதி கூர்ப்பக்கமாகப் பட வேண்டும். மணிக்கட்டு திரும்பிவிட்டால் எவ்வளவு பலமாக அடித்தாலும் புள்ளி கிடையாது.

நடவு வயலில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்போமே, அந்த நடை இங்கே ஆகாது. பாதம் தரையோடு தேய்ந்து போகட்டும். இடக்குதிகால் கொஞ்சம் தூக்கியே இருக்கட்டும், ஆனால் ரொம்பத் தூக்கினால் குதிகால் தசைநாணுக்கு ஆபத்து. இடது கால்விரல்கள் வலக்குதிகாலின் கோட்டைத் தாண்ட வேண்டாம். உந்துவது இடக்கால், வலக்கால் முன்னே போய் இறங்குகிறது, அவ்வளவுதான். நீ வலக்காலை மேலே தூக்கி மிதிக்கிறாய், அதனால்தான் கால் விழுந்த பிறகு அடி விழுகிறது. இரண்டும் ஒரே நொடியில் விழ வேண்டும்.

ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஷினாயின் நாலு மூங்கில் பிளாச்சுகளையும் தடவிப் பார். சிலாம்பு எழும்பியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் தடவு. விரிசல் விட்டிருந்தால் அந்தப் பிளாச்சைத் தூக்கிப் போடு, கட்டி ஒப்பேற்றாதே. முகக்கவசக் கம்பி இடுக்கு வழியாகச் சிலாம்பு கண்ணுக்குள் போய்விடும். புதிதாக வாங்கினால் 120 செ.மீ.க்கு மேல் நீளம் கூடாது, பெண்களுக்கு எடை 440 கிராமுக்குக் குறையக் கூடாது.

பொங்கலுக்கு வரும்போது மொட்டை மாடியில் பழகலாம் என்று எழுதியிருந்தாய். அது சிமெண்டுத் தளம், மிதி பழகினால் குதிகால் கன்றிப் போகும். அங்கே வீச்சு மட்டும் செய்.

அன்புடன்
அப்பா