அக்ஸெலரேற்றர் வேறு, எஸ்கலேற்றர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்துச் செய்தியில் சாரதி "எக்ஸலேட்டரை" மிதித்துவிட்டார் என்று வருகிறது. கடைத்தொகுதி பற்றிய செய்தியில் மக்கள் "எக்ஸலேட்டரில்" ஏறுகிறார்கள். நம் தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சிடுவது சரியல்ல. காலால் மிதிப்பது அக்ஸெலரேற்றர். ஏறி நிற்பது எஸ்கலேற்றர். இரண்டுக்கும் வேரே வேறு.

முதற்சொல்லின் வேர், விரைவான என்று பொருள்படும் "கெலெர்" என்ற இலத்தீன் சொல். அதன் முன் "அட்" என்ற ஒட்டு சேர்ந்தபோது, ஒட்டின் ஈறு வரும் எழுத்துக்கு இணங்கித் திரிந்தது. நல் + நூல் நன்னூலாவதற்கு நெருங்கிய மாற்றம் இது. ஆங்கில எழுத்துக் கூட்டில் "சி" இரண்டு நிற்பது இதனால்தான். இலத்தீனில் இரண்டுமே ககர ஒலி. பின்னாளில் "ஈ" (e), "ஐ" (i) என்ற ஆங்கில எழுத்துகளுக்கு முன் நின்ற "சி" ஸகரமாக மெலிந்தது. அதற்கு முந்திய "சி" ககரமாகவே நின்றுவிட்டது. எனவே க், ஸ் இரண்டும் காதில் விழவேண்டும். அக்ஸிடென்ற், சக்ஸஸ், வக்ஸீன் எல்லாம் இதே வழி. "ஓ" (o) எழுத்து தொடரும் அக்கவுன்ற்றில் ககரம் மட்டுமே. சொக்கர் என்ற விளையாட்டுப் பெயர் இந்த விதிக்கு விலக்கு.

உச்சரிப்பில் ஐந்து அசைகள்: அக் – ஸெ – ல – ரே – ற்றர். அழுத்தம் இரண்டாவதான "ஸெ"யில். முதல் அகரம் மங்கலாக ஒலிக்கும். அதை "எ" ஆக்குவதுதான் முதற்பிழை. நடுவில் உள்ள "ல", "ர" இரண்டில் ஒன்றை விழுங்குவது அடுத்த பிழை. எழுதும்போது "க்செ" என்று போட்டால், காட்சியில் வரும் சகரம்போல வல்லோசையாகப் படிக்க இடமுண்டு. இங்கே கிரந்த ஸகரமே உதவும். ஈற்றில் "ட்டர்" வேண்டாம். மீற்றர், லீற்றர் என்று எழுதிப் பழகிய நமக்கு ஆங்கிலத்தின் அந்த ஒலியைக் காட்ட "ற்ற" கையிலேயே இருக்கிறது.

எஸ்கலேற்றர், படி என்று பொருள்படும் "ஸ்கலா" என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ஆக்கிய வணிகப் பெயர். ஓட்டிஸ் நிறுவனம் 1900 பாரிஸ் கண்காட்சியில் இந்தப் பெயருடன் படிக்கட்டைக் காட்டியது. 1950இல் அமெரிக்காவில் அது வணிகக்குறி உரிமையை இழந்து பொதுச்சொல்லாயிற்று. அழுத்தம் முதலசையில். "எஸ்குலேற்றர்" என்று உகரம் புகுத்த வேண்டியதில்லை.

அக்ஸெலரேற்றர் உண்டாக்கும் அக்ஸெலரேஷனை நாம் ஆர்முடுகல் என்கிறோம். அதன் பொருளிலும் ஒரு தவறு தொடர்கிறது. "அதிக ஆர்முடுகலில் ஓடிய பஸ்" என்று எழுதுகிறவர் சொல்ல நினைப்பது கதியை. திசையும் சேர்ந்த வேகம் மாறும் வீதமே ஆர்முடுகல். நின்ற வாகனம் 10 செக்கனில் மணிக்கு 72 கிலோமீற்றரை, அதாவது செக்கனுக்கு 20 மீற்றரை எட்டினால், சராசரி ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றரில் மாறாமல் நேராக ஓடும் காருக்கு அது பூச்சியம். அதே கார் கதி மாறாமல் வளைவில் திரும்பினால் ஆர்முடுகல் உண்டு, திசை மாறுகிறதே!

நம் பாடநூல்களில் கதி வேறு, திசையும் சேர்ந்த வேகம் வேறு. தமிழ்நாட்டு நூல்கள் கதியை வேகம் என்றும், நம் வேகத்தைத் திசைவேகம் என்றும், ஆர்முடுகலை முடுக்கம் என்றும் சொல்கின்றன. அங்கிருந்து எடுக்கும் அறிவியல் கட்டுரைகளை மாற்றாமல் அச்சிட்டால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை குழம்பும்.

ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். ஆர்முடுகல், வேகம் குறைவதைச் சொல்லும் அமர்முடுகல் என்ற இணை எவ்வளவு அழகானது! முடுகு புதுச்சொல்லும் அன்று. தொல்காப்பியம் கூறும் 20 வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், முடுகு வண்ணமும் ஒன்று. திட்டங்களை விரைவுபடுத்துவதையும் ஆங்கிலத்தில் அக்ஸெலரேஷன் என்பார்கள்; அங்கே மட்டும் ஆர்முடுகல் பொருந்தாது. 30 ஆண்டுக்கு வகுத்த மகாவலித் திட்டத்தைச் சுருக்கியபோது "துரித மகாவலி" என்றார்களே, அதுவே சரியான தமிழ்.

மிதிக்கு ஆர்முடுக்கி, படிக்கு நகரும் படிக்கட்டு என்று தங்கள் ஒப்புநோக்குநர்கள் இனித் திருத்த வேண்டும். ஆங்கிலச் சொல்லே தேவைப்படும் இடங்களில் மேற்சொன்ன எழுத்துக்கூட்டைப் பின்பற்றலாம்.

விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.