அந்தப் பழைய குப்பிகளைக் கழித்துவிடாதே

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே இடம் கிடைத்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. புது ஃப்ரீசர் வருவதால், உங்கள் பழைய பேராசிரியர் சேர்த்துவைத்த பாக்டீரியா குப்பிகளையெல்லாம் ஆட்டோகிளேவில் போட்டு, நீராவிச் சூட்டில் கொன்று கழிக்கப் போகிறீர்களாமே. தயவுசெய்து வேண்டாம்.

எவரிட் முர்ரே என்றொரு நுண்ணுயிரியலாளர் 1917 முதல் 1954 வரை பல நாட்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த குடல் பாக்டீரியாக்களைச் சேர்த்துவைத்தார். இந்தியாவிலிருந்து போனவையும் அதில் உண்டு. லண்டனில் நவோமி தத்தாவும் விக்டோரியா ஹியூஸும் அவற்றை மறுபடி வளர்த்துப் பார்த்து, முடிவை 1983-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய கால்வாசியில், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சிறு டி.என்.ஏ. வளையங்கள், அதாவது பிளாஸ்மிட்கள், இருந்தன. ஆனால் அவற்றில் மருந்தை எதிர்க்கும் மரபணு இல்லை! இன்று நம் வார்டுகளில் நாலைந்து மருந்தை ஒன்றாகத் தோற்கடிக்கும் பிளாஸ்மிட்களில் பல அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வண்டி முன்பே ஓடிக்கொண்டிருந்தது. நாம் மருந்தை வாரி இறைத்த பிறகுதான் அதில் சரக்கு ஏறியது. இதை ஊகமாக இல்லாமல் சோதித்தே சொல்ல முடிந்ததென்றால், அந்தக் குப்பிகளை யாரும் கொட்டிவிடாமல் வைத்திருந்ததால்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1915-ல் பிரான்சில் சீதபேதியால் இறந்த பிரிட்டிஷ் சிப்பாயிடமிருந்து எடுத்த ஷிகெல்லா என்ற சீதபேதி பாக்டீரியா இன்னும் லண்டனில் ஒரு பாக்டீரியா சேகரிப்பில் இருக்கிறது. பெனிசிலின், எரித்ரோமைசின் இரண்டுக்குமே அது மசியவில்லை. ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டதே 1928-ல்தானே! மருந்து வந்த பிறகுதான் எதிர்ப்பு பிறந்தது என்று மாணவர்களிடம் இனி யாரும் சொல்லக் கூடாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். குப்பிகளோடு அந்தக் காலத்துப் பதிவேட்டையும் பத்திரமாக எடுத்து வை. ரத்தமா சிறுநீரா, எந்த வார்டு, எந்தத் தேதி என்று தெரியாவிட்டால் குப்பி இருந்தும் பெரிதாகப் பயனில்லை. இடம்தான் பிரச்சினை என்றால், உறையவைத்து உலர்த்தி ஆம்பியூல் என்ற சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்துவிடலாம். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைக்க வேண்டிய அவசியமே இருக்காது. எங்கள் லேபில் அதற்கான கருவி இருக்கிறது. உங்கள் துறைத்தலைவர் பிடிவாதம் பிடித்தால் உடனே போன் பண்ணு, நானே வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
வசந்தா