பெரிய எழுத்துப் புத்தகங்கள் மீண்டும் வர வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் 22 ஆண்டுகள் அச்சுக்கோப்பாளனாக வேலை பார்த்தவன் நான். 1973-இல், பதினேழு வயதில், ஈய எழுத்துகளை அடுக்கிவைக்கும் மரத்தட்டான கேஸ் முன்னால் போய் நின்றேன். கம்ப்யூட்டர் வந்து, ஈய எழுத்துகளையெல்லாம் எடைக்குப் போட்ட 1995-இல் வெளியே வந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட வினாத்தாள், கதைப் புத்தகம் என்று நான் கோக்காதது எதுவும் இல்லை. ஆனால் கோத்த புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கோக்கும்போது கண் எழுத்தைத்தான் பார்க்கும். அதுவும் இடம் வலம் மாறிய எழுத்து. அந்த வரி என்ன சொல்கிறது என்று நின்று பார்த்தால் அன்று அச்சுக்குப் போக வேண்டிய ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கங்களின் தொகுதி) முடியாது.

அதன் பிறகு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினேன். அதுவும் முடிந்து வீட்டோடு இருக்கத் தொடங்கியபோதுதான் விட்டதையெல்லாம் படித்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. நான்கு வருடமாகப் பொங்கலன்று ஒரு நோட்டில் இலக்கு எழுதிவைத்துப் படிக்கிறேன். இந்த ஆண்டு இலக்கு 24 புத்தகம், மாதத்துக்கு இரண்டு. ஆடி முடிந்தபோது 9 தான் ஆகியிருந்தது. நேரம் இல்லாமல் இல்லை, ஆசையும் குறையவில்லை. புத்தகங்களின் எழுத்துதான் என் கண்ணுக்கு எட்டவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. டாக்டர் கொடுத்த கண்ணாடியும் சரியாகத்தான் இருக்கிறது. காலை ஏழு மணி முதல் ஒன்பது வரை திண்ணையில் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்தால் 12 பாயிண்ட் (பாயிண்ட் என்பது அச்செழுத்தின் அளவு) எழுத்தைத் தடையில்லாமல் படிப்பேன். ஆனால் இப்போது வரும் தடிமனான நாவல்கள் பலவற்றில் 10 பாயிண்ட், சிலவற்றில் அதற்கும் கீழே. வரிக்கும் வரிக்கும் நடுவே காற்றுப் புக இடமில்லை. அந்தக் காலத்தில் வரிகளுக்கிடையே ஈயத் தகடு செருகித்தான் பக்கம் கட்டுவோம். அந்த இடைவெளி இல்லையென்றால் கண் அடுத்த வரிக்குப் போகாமல் படித்த வரிக்கே திரும்பிவரும். பொடி எழுத்தில் முதலில் தொலைவது புள்ளி. 'கல்' என்று இருப்பது 'கல' என்று தெரியும். அடுத்து ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு நேரத்தில் மூன்று சொல்தான் அகப்படுகிறது. திரும்பவும் எழுத்து எழுத்தாகக் கோக்கிற மாதிரி ஆகிவிட்டது. நாற்பது பக்கம் போனபின் கதை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மூடி வைத்த புத்தகங்கள் அலமாரியில் ஆறு இருக்கின்றன.

படித்து முடித்த ஒன்பதில் மனதை விட்டுப் போகாதது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். நூலகத்தில் எடுத்த பிரதி, அச்சு தெளிவு, ஐந்தே நாளில் முடித்தேன். இப்போது கையில் இருப்பது உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்'. இதைப் படிப்பது எனக்கு ஊர்க்கடன் போல. அவர் எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 21-10-1880, வியாழக்கிழமை, எங்கள் ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் முதன்முதலாகப் பார்க்கப் போகும் கட்டத்துக்கு வந்திருக்கிறேன். தாம் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் கொஞ்சமும் அசையாமல், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து ஏழு வருடம் கழித்து, 1887-இல், உ.வே.சா. பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. அவர் புரூஃப் பார்த்த கதையைப் படிக்க என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு ஆவல் இருக்கும்! ஆனால் ஒரு நாளைக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் முடியவில்லை.

புத்தகத் திருவிழாவில் ஒரு கடையில் பெரிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "ஐயா, செல்போன்ல பெரிசு பண்ணிப் படிக்கலாமே" என்றார் அங்கிருந்த தம்பி. நல்ல மனதோடுதான் சொன்னார். பேத்தி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மதுரைத் திட்டத்தின் தமிழ் நூல்களைப் போனில் எடுத்துக் காட்டியும் இருக்கிறாள். அரை மணியில் கண்ணில் நீர் வடிகிறது.

பெரிய எழுத்து நமக்குப் புதிதில்லை. அட்டையிலேயே 'பெரிய எழுத்து' என்று போட்டு விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் விற்ற ஊர் இது. சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட புத்தகங்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற என் அம்மா 1968 மகாமகத்தின்போது நல்லதங்காள் கதை ஒன்று வாங்கிவந்து, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் விரல் வைத்து வாய்விட்டுப் படிப்பாள். தெருவே உட்கார்ந்து கேட்கும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களும் பார்வை மங்கியவர்களும் வாசகர்கள்தான் என்று அந்தப் பதிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

செலவு எனக்குப் புரியாததல்ல. 10 பாயிண்டில் 200 பக்கம் வருவதை 14-இல் போட்டால் ஏறக்குறைய 400 பக்கம் ஆகும். விலை ஏறும், கனமும் ஏறும். இரண்டு பாகமாகக் கட்டினால் மடியில் வைத்துப் படிக்கலாம். ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் 2009-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. உ.வே.சா. மறைந்தபின் பதிப்புரிமை நீடிக்கும் 60 ஆண்டும் எப்போதோ கடந்துவிட்டது. இவற்றை யாரும் அச்சிடலாம், உரிமைத்தொகை கொடுக்க வேண்டியதில்லை. அந்த மிச்சத்தைக் காகிதத்தில் போடலாமே. எல்லாப் புத்தகத்தையும் கேட்கவில்லை. பத்துப் பழைய நூல்களில் தொடங்கட்டும்.

நூலகத் துறையிடமும் ஒரு விண்ணப்பம். வீட்டு வரியோடு அதில் 10 சதவீதம் நூலக வரியும் ஆண்டு தவறாமல் கட்டுகிறோம். கிளை நூலகம்தோறும் பெரிய எழுத்துக்கென்று ஒரே ஒரு அலமாரி வையுங்கள். அரசு நூலகங்கள் வாங்கும் என்று தெரிந்தால் பதிப்பாளர்கள் துணிந்து போடுவார்கள். எங்கள் கிளையில் காலை நேரத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். நாளிதழின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள்.

'என் சரித்திரம்' 14 பாயிண்டிலோ அதற்கு மேலோ அச்சாகி எந்த வாசகரிடமாவது இருந்தால், எந்தப் பதிப்பு, எங்கே கிடைக்கும் என்று இந்தப் பகுதியிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் அச்சுக்கோப்பாளர்,
கும்பகோணம்.