‘சின்ன இஷ்யூ இருக்கு சார்’ என்று மெயில் போட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சாஃப்ட்வேர் ரிலீஸ் தள்ளிப்போனதில் உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் மீட்டிங்கில் "நான்தான் வியாழக்கிழமையே சொன்னேனே சார்" என்றாய் பார், அதைப் பற்றிக் கொஞ்சம் பேசணும்.

மெயிலை எடுத்துப் பார்த்தேன். சொல்லியிருக்கிறாய்தான். மூன்றாவது பத்தியில், லாகின் ஸ்கிரீன் கலர் மாற்றத்துக்குக் கீழே, "பேமெண்ட் பக்கம் சின்ன இஷ்யூ இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம், முடிந்தால் ஒருமுறை பார்க்கவும்". வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று அப்போதே உனக்குத் தெரியும். அதைப் படித்த மேனேஜர், சரி, பையன் பார்த்துக்கொள்வான் என்று அடுத்த மெயிலுக்குப் போய்விட்டார்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் மெடலினிலிருந்து நியூயார்க் போன ஏவியாங்கா 52 விமானத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். மோசமான வானிலை, இறங்க இடமில்லாத கூட்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடிக்க வைத்துவிட்டார்கள். எரிபொருள் குறைவு, இன்னும் ஐந்து நிமிடம்தான் வட்டமடிக்க முடியும், மாற்று விமான நிலையமான பாஸ்டனுக்கும் இனிப் போக முடியாது என்று துணை விமானி ரேடியோவில் சொன்னார். அது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் அடுத்த கன்ட்ரோலருக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. முதல் முறை தரையிறங்க முயன்று முடியாமல் மேலே ஏறியதும், எமர்ஜென்சி என்று சொல் என்கிறார் கேப்டன். துணை விமானியோ திசை மாற்றச் சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி முயல்கிறோம் என்று சேர்த்து, கடைசியில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று முடிக்கிறார். சொல்லிவிட்டாயா என்று கேப்டன் கேட்க, சொல்லிவிட்டேன் சார் என்கிறார். இன்னொரு சுற்று போக வேண்டும், எரிபொருள் தாங்குமா என்று கன்ட்ரோலர் கேட்டபோதும், தாங்கும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்றுதான் பதில். கொஞ்ச நேரத்தில் நான்கு எஞ்சின்களும் நின்று, லாங் ஐலண்டில் விழுந்து, இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த விமானம் தீப்பிடிக்கவில்லை, எரிய டேங்கில் ஒன்றும் இல்லாததால்.

அந்தத் துணை விமானி பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. எங்களை உடனே இறக்கு, வேறு வழியில்லை என்று மட்டும் கடைசி வரை கேட்கவில்லை. கன்ட்ரோலர்களும் துருவிக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு எல்லா விமானத்துக்கும்தான் எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது, இவருடையது தனியாகக் காதில் விழவில்லை.

உன் மெயிலும் இப்படி இருந்திருக்கலாம்: "வெள்ளிக்கிழமை ரிலீஸ் போகாது. ரீஃபண்ட் இரண்டு தடவை போகிறது. திங்கள் வரை டைம் வேண்டும், அல்லது ரீஃபண்டை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை அனுப்பலாம். இன்று ஐந்து மணிக்குள் முடிவு சொல்லுங்கள்." சப்ஜெக்ட் லைனிலேயே ‘ரிலீஸ் போகாது’ என்று இருக்கணும். பதில் வரவில்லையா, எழுந்து போய் அவர் டேபிள் முன்னால் நில். கலர் விஷயத்துக்கு வேறு மெயில் போடு.

இப்படி எழுதினால் திமிர் என்று நினைப்பாரோ என்ற பயம் உனக்கு இருப்பது தெரியும். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது, கெட்ட செய்தி கொண்டுவருகிறவனிடமே முதலில் பாய்கிற மேனேஜர்கள் நம்மிடம் குறைவில்லை. உன் மேனேஜரிடமும் இதைப் பேசிவிட்டேன், கொஞ்சம் முறைத்தார், அப்புறம் சரி என்றார். அடுத்த ரிலீஸ் மெயிலில் என்னையும் சிசி போடு.

அன்புடன்,
அண்ணன்