துருசு திருத்த, தூர் அகற்ற: படுவான்கரையிலிருந்து ஒரு வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு சிறிய குளத்தை நம்பி வேளாண்மை செய்கிற கமக்காரர்களின் குழு நாங்கள். உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களைப் பார்க்க நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுப்பவை சிறுகுளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன, அன்றாடப் பராமரிப்பு கமக்காரர் அமைப்பின் பொறுப்பு. எங்கள் குளமும் அப்படியானதுதான். அது மண் நிரம்பித் தூர்ந்துபோய், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசு ஒழுகிக்கொண்டு கிடக்கிறது. புரட்டாதிக்கு முன் அதைத் திருத்த உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

எங்கள் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. 2011 தையில் மட்டக்களப்பும் அம்பாறையும் எப்படி மூழ்கின என்பதை மறக்க முடியாது. 2024 கார்த்திகையிலும் விதைத்த வயல்கள் தண்ணீருக்குள் போயின. அப்புறம் சித்திரை, வைகாசியில் மாடு குடிக்கவும் தண்ணீர் இல்லை. தேக்கிவைக்க இடமில்லாத குளம் மாரியில் வான் பாய்ந்து, அதாவது நிரம்பி வழிந்து, வயலை அழிக்கிறது, கோடையில் செய்யும் சிறுபோகத்தைக் கைவிட வைக்கிறது.

‘இவ்வளவு காலம் வேளாண்மை செய்கிறீர்கள், உங்கள் குளத்தை நீங்களே திருத்தினால் என்ன?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு ஏக்கர் வயல் உள்ள ஒருவர் விதைநெல்லைக் கடனுக்கு வாங்குகிறார், உரத்துக்கும் களை, பூச்சி மருந்துக்கும் நகையை அடகு வைக்கிறார். வெட்டு முடிந்தவுடன் கடன்காரர் வந்து நிற்பார். அதனால் நெல்லைக் காயவைத்து விலை ஏறும்வரை வைத்திருக்க முடியாது. வயலடியிலேயே, விலை விழுந்திருக்கும் நேரத்தில், ஈரநெல்லாகக் கொடுத்துவிடுகிறார். கையில் மிஞ்சுவது அடுத்த போகத்துக்கே காணாது. குத்தகைக்குச் செய்பவர் நிலை இன்னும் மோசம். அடுத்த போகம் அந்த வயல் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் வரம்பை உயர்த்தவும் மண்ணை வளப்படுத்தவும் ஏன் செலவழிப்பார்? குளம் திருந்தினால் பலன் எல்லோருக்கும், செலவு மட்டும் முன்வந்தவருக்கு. ஆகவே இது சேர்ந்து செய்தால்தான் நடக்கும்.

எதற்கு முதலில் செலவழிப்பது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். குளத்தின் அடியில் 5 ஏக்கரில் 2 அடி மண் எடுத்தால் 10 ஏக்கர் அடி தண்ணீர், அதாவது 10 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் அளவு, கூடுதலாக நிற்கும். அது சுமார் 1 கோடி 23 இலட்சம் லீற்றர். ஆனால் அந்த மண் 4,356 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). 3 கியூப் டிப்பரில் ஏற்றினால் 1,452 தடவை. அவ்வளவு செய்தும், சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 4 அடி தண்ணீர் வேண்டும் என்பதால், இரண்டரை ஏக்கர் நெல்தான் கூடுதலாக விளையும். கச்சான், பயறு, கௌபி என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிலத்துக்குப் போதும்.

இப்போது துருசைப் பாருங்கள். விநாடிக்கு ஒரு லீற்றர் ஒழுகினாலே நாளுக்கு 86,400 லீற்றர் போகிறது. 120 நாளில் ஒரு கோடி லீற்றருக்கு மேல். அந்த ஆயிரத்து நானூறு டிப்பர் மண் தரும் தண்ணீருக்குக் கொஞ்சம்தான் குறைவு! இதைப் பார்த்த பிறகு எங்களுக்குள் வாக்குவாதம் இருக்கவில்லை. முதல் பணம் துருசுக்குத்தான். அடுத்து, உடைந்த வாய்க்காலின் மேல்பகுதி. அதன்பின் குளத்துக்குத் தண்ணீர் வருகிற மேட்டுப் பக்கத்தில் மண் அணைகளும், ஓடைக்கரையில் மருத மரங்களும். மண் இறங்குவதைத் தடுக்காமல் தூரை மட்டும் அள்ளினால் சில மாரியில் திரும்ப நிரம்பிவிடும். மிஞ்சுகிற பணத்தில்தான் தூர் அகற்றுவோம். அதுவும் திணைக்களத்தின் அனுமதியோடு, தொழில்நுட்ப உத்தியோகத்தர் காட்டும் ஆழம்வரை மட்டும். அடியிலுள்ள களிமண் படையை வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்காமல் நிலத்துக்குள் இறங்கிவிடும். எடுக்கும் மண் குளக்கட்டைப் பலப்படுத்தவும் வயலுக்கும் போகும், ஒரு கியூப் கூட விற்கப்படாது.

எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். மாரியில் செய்யும் பெரும்போக வெட்டில் ஏக்கருக்கு ஒரு மூடை நெல் தர எல்லோரும் சம்மதித்திருக்கிறோம். வாய்க்கால் வேலை முழுக்கச் சிரமதானம். முதல் மழையோடு உழுது விதைத்து, நிலம் பண்படுத்தக் குளத்துத் தண்ணீரை இழுக்காமல் இருப்பதற்கும் சம்மதம். தண்ணீர் குறைந்த ஆண்டில் நெல்லை விட்டுக் கச்சானும் பயறும் போடுவோம். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்புவோம். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டபோது பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால்தான் வைக்கோலால் மண்ணை வளப்படுத்தப் பார்க்கிறோம். மண் ஒரே போகத்தில் தேறாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறும். மாடு வளர்ப்பவர்களையும் கூட்டத்துக்கு அழைத்துப் பேசினோம். குளக்கட்டை மிதிக்காமல் மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிக்கத் தனி வழி விடப்படும்.

கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளே, கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மனமுவந்து அனுப்புகிறீர்கள். இந்த ஆண்டு அதில் ஒரு பங்கைக் குளத்துக்கும் ஒதுக்குங்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் ஒரு நாள் கூலி, ஒரு டிப்பரின் டீசல், பத்துப் பை சீமெந்து, சில மருதங்கன்றுகள், எது முடியுமோ அதைத் தாருங்கள். பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம். அருகிலுள்ளவர்கள் மண்வெட்டியோடு வந்தாலும் பெரிய உதவி.

பணம் கமக்காரர் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும், தனியார் கையில் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவை மாதம் ஒருமுறை கமநல சேவை நிலையத்திலும் கோயில் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுவோம். பணம் மீதியானால் அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்கு அதே கணக்கில் கிடக்கும். குளம் வற்றியிருக்கும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில்தான் வேலை செய்ய முடியும் என்பதால், ஆனி பிறப்பதற்குள் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குளப் புனரமைப்புக் குழுவினர்