கத்தி கழுவியது கட்டணத்துக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி பற்றி வந்த கட்டுரை, அதன் சகோதரிக் கல்லூரியான அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக்கில் தொடக்கத்தில் பெண்களுக்கு வீட்டு வேலை கற்றுத்தந்தார்கள் என்கிறது. நடந்தது நேர்மாறு. அதை வீட்டில் தாயிடம் கற்றுக்கொள்ளட்டும், அது எங்கள் நோக்கமல்ல என்பதே நிறுவனர் மேரி லயனின் நிலை.

வேலை இருந்தது உண்மை. அதற்குக் காரணம் கட்டணம். 1837 நவம்பர் 8-இல் சவுத் ஹேட்லியில் பள்ளியாகத் திறந்தபோது சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 டாலர். சமையலுக்கும் பெருக்கவும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் இந்தத் தொகை கட்டுப்படியாகாது. குடியானவர் வீட்டுப் பெண்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு மாணவிக்கும் தினம் ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. ரொட்டிக்கு ஒரு குழு, மேசைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. குழுவைக் கவனிக்க ஒரு தலைவி. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டும், வேலையை மேற்பார்க்கும் தண்டலும் பார்த்த நம் மலேசியத் தோட்டத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல. என்ன, அங்கே பேர் போட்டுச் சம்பளம் தருவதில்லை, கட்டணத்திலேயே கழிந்துவிடும்.

கவிஞர் எமிலி டிக்கின்சன் 1847-48-இல் அங்கே படித்தார். தன் பங்கு என்னவென்று தோழிக்கு எழுதியிருக்கிறார்: காலையும் மதியமும் முதல் வரிசை மேசைகளின் கத்திகளை எடுத்துப் போக வேண்டும், இரவில் அதே அளவு கத்திகளைக் கழுவித் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். வேலையை இப்படிப் பொடியாக நறுக்கியதால் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை, படிப்பு நேரமும் குறையவில்லை. ஆனால் ஒருத்தி காய்ச்சலில் படுத்து, மாற்று ஆள் போட மறந்துவிட்டால், மறுநாள் பசியாற உட்காரும்போது மேசையில் கத்தி இருக்காது.

கட்டுரை விட்டுவிட்ட மரபுகளும் உண்டு. 1838 முதல் வரும் ‘மலை நாள்’ எப்போது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு காலை மணி அடிக்கும். வகுப்பு ரத்து, எல்லாரும் ஹோலியோக் மலைக்கு. பட்டமளிப்புக்கு முந்தின நாள் வெள்ளை உடையில் லாரல் இலைச் சரத்தைத் தோளில் ஏந்திப் போய், 1849-இல் மறைந்த மேரி லயனின் கல்லறையைச் சுற்றியுள்ள இரும்பு வேலியில் சுற்றுவார்கள். விடுதியில் இரவு நேரத் தீனிக்கு இன்றும் ‘பாலும் பிஸ்கட்டும்’ என்றே பெயர், தட்டில் வேறு எது இருந்தாலும்!

இன்னொரு பிழை. மகளிர் கிறித்தவக் கல்லூரியைச் சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது எலினார் மெக்டூகல் தலைமையில் தொடங்கியது 1915-இல். அதற்கு ஓராண்டு முன்பே, 1914-இல், டோரதி டி லா ஹே முதல்வராக இருக்க, கடற்கரைச் சாலையில் இன்றைய இராணி மேரி கல்லூரி தொடங்கிவிட்டது. இராணியின் பெயர் 1917-இல் வைத்தது.

இரண்டையும் அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.