பாக்கெட் எங்கே நிற்கிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அவர் பக்கத்திலேயே இருந்துகொண்டு வேலையையும் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் வீட்டு ரவுட்டரில் விபிஎன், அதாவது இணையத்துக்குள் ஒரு பாதுகாப்பான தனிவழி, போட்டாய். அது இப்படி நடுவேலையில் காலை வாரினால் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். இனி அழிக்காதே. அழிக்கிறபோது தடயமும் சேர்ந்து போய்விடுகிறது. பாக்கெட், அதாவது இணையத்தில் போகும் தகவலின் சிறு பொட்டலம், எந்த இடம் வரை போகிறது, எங்கே நிற்கிறது என்று மட்டும் தேடு. போன வாரம் நானும் இதே பாடு பட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன் அல்லவா? ஒவ்வொரு இரவும் அவற்றின் நகல் வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக அண்ணன் வீட்டுக் கணினிக்குப் போகும். ஒரு பிரதி இங்கே, ஒரு பிரதி அங்கே. இன்னொரு முறை பதிவு செய்ய முடியாத குரல் அது. போன வாரம் மின்சாரம் போய் வந்த பிறகு நகல் போவது நின்றுவிட்டது. வீட்டில் ஒரு இணையதளமும் திறக்கவில்லை.

ரவுட்டருக்குள் நுழைந்து வயர்கார்டின் நிலையைப் பார்த்தேன். பெற்றது 0 பைட், அனுப்பியது 148 பைட். ஐந்து வினாடி கழித்து 296. பிறகு 444. அந்த எண்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வயர்கார்டு பேச்சைத் தொடங்க அனுப்பும் முதல் பாக்கெட்டின் அளவு சரியாக 148 பைட். அப்படியென்றால் என் ரவுட்டர் ஐந்து வினாடிக்கு ஒரு முறை கதவைத் தட்டுகிறது, 92 பைட் பதில் மட்டும் வரவில்லை.

அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, அவர் பக்கம் வயர்கார்டு பாக்கெட் வந்து சேரும் வாசலான 51820 எண் போர்ட்டைக் கவனிக்கச் சொன்னேன். "வருகிறதே, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது" என்றார். வழி அடைபடவில்லை. வந்து சேர்ந்த பாக்கெட்டைத்தான் மறுமுனை ஏற்கவில்லை. வயர்கார்டின் குணம் அது: பிடிக்காத பாக்கெட்டுக்கு 'முடியாது' என்றுகூடச் சொல்லாது, வாயே திறக்காது. முன்பின் தெரியாதவர்களுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நல்லது, கோளாறு தேடுகிறவருக்குக் கடினம். இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் பொதுச் சாவியின் கடைசி நான்கு எழுத்துகளை இருவரும் படித்து ஒப்பிட்டோம். சரியாகத்தான் இருந்தன.

பிறகுதான் ரவுட்டர் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக்கில் இருந்த தேதி கண்ணில் பட்டது. மூன்று மாதம் பின்தங்கியிருந்தது! வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் நேரம் மறந்துபோகும். சில ரவுட்டர்கள் 1970 ஜனவரி 1 என்று காட்டும், பார்த்த உடனே புரிந்துவிடும். என்னுடையதோ கடைசியாக மாற்றப்பட்ட அமைப்புக் கோப்பின் தேதியை எடுத்துக்கொள்கிற வகை. அதனால் நம்பத்தகுந்த ஒரு தவறான தேதி காட்டியது.

வயர்கார்டின் முதல் பாக்கெட்டுக்குள் நேர முத்திரை ஒன்று உண்டு. பழைய பாக்கெட்டை யாராவது பிடித்துவைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றக்கூடாது என்று, முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரையை மறுமுனை தள்ளிவிடும். அண்ணன் வீட்டுக் கணினி தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. ரவுட்டர் ஏன் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளவில்லை? நேரம் கேட்க வேண்டிய சர்வரின் முகவரியை அறிய டிஎன்எஸ், அதாவது பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை, வேண்டும். டிஎன்எஸ்ஸை நான் அண்ணன் வீட்டுக் கணினியில் வைத்திருந்தேன், இணையதளங்கள் திறக்காததும் அதனால்தான். அதை எட்ட விபிஎன் வேண்டும். விபிஎன் எழச் சரியான நேரம் வேண்டும். கையால் நேரத்தைத் திருத்தினேன், அடுத்த தட்டலுக்கே கதவு திறந்தது. இப்போது நேரம் கேட்பதற்கு மட்டும் விபிஎன்னைச் சாராத வேறொரு டிஎன்எஸ் வைத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். உன்னுடையது வேறு நோய். கடைசி ஹேண்ட்ஷேக், அதாவது இரு முனைகளும் பேச்சைத் தொடங்கும் கைகுலுக்கல், இரண்டு நிமிடத்துக்குள் நடந்ததாகக் காட்டுகிறது, பிங் என்ற சிறு சோதனைப் பாக்கெட்டுக்குப் பதில் ஒழுங்காக வருகிறது, ஆனால் சில பக்கங்கள் பாதியில் நிற்கின்றன, அஞ்சலில் எழுத்து போகிறது, கோப்பு இணைத்தால் போகவில்லை என்கிறாய். சாவி, போர்ட், நேரம் மூன்றும் சரி என்று இதிலிருந்தே தெரிகிறது. சிறிய பாக்கெட் தப்பிக்கிறது, பெரியது வழியில் விழுகிறது. எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச அளவை, சந்தேகிக்கிறேன்.

கணக்கைப் பார். வழக்கமான அளவு 1500 பைட். உன் இணைய இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை, அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும் 8 போய் 1492. சர்வரை ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரியில் எட்டுகிறாய், அப்போது வயர்கார்டு தன் உறைக்கு 80 பைட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1412. உன் அமைப்பில் இருப்பது 1420. எட்டு பைட் அதிகம், அவ்வளவுதான்! பழைய வகையான ஐபிவி4 என்றால் உறைக்கு 60 போதும், 1420 தாராளமாக நுழைந்திருக்கும். 'இது பெரிது, சிறியதாக அனுப்பு' என்று அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டிய தகவலை, பாக்கெட்டுகளை வடிகட்டும் சில ஃபயர்வால்கள் தடுத்துவிடுகின்றன. அதனால் அந்தப் பக்கம் அதே அளவிலேயே மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும், உன் திரை அசையாமல் நிற்கும்.

முதலில் இரண்டு முனைகளிலும் எம்டியூவை 1280 என்று வைத்துப் பார். பக்கங்கள் முழுதாகத் திறந்தால் காரணம் உறுதி. பிறகு 1412 வைத்துக்கொள். இணைப்பு தொடங்கும்போதே பாக்கெட்டைச் சிறிதாக்கச் சொல்லும் எம்எஸ்எஸ் கட்டுப்பாட்டையும் ரவுட்டரில் இயக்கிவிடு, அதை விட்டுவிடாதே. வீட்டில் உள்ள கணினியும் கைபேசியும் தங்களுக்கு முன்னால் 1500 இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். 1280-இலும் நின்றால் என் ஊகம் தவறு. அப்போது வேறு எதையும் மாற்றாமல் ரவுட்டர் லாக்கை அப்படியே அனுப்பு, இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

சரியானதும் சொல். ஏழாவது நாடாவில் அப்பா நம் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறார். நீ ஒரு வரியை விட்டுவிடுகிறாய், அவர் பொறுமையாக எடுத்துக்கொடுக்கிறார். பெரிய கோப்பு அது, இப்போதைய நிலையில் உன் வீட்டுக்கு வந்து சேராது. உனக்கும் ஒரு சாவி உருவாக்கி வைத்திருக்கிறேன். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்.

அன்புடன்,
உன் நண்பன்